அம்மாயியின் நெஞ்சடைப்பும் பேராசிரியர் தயா சோமசுந்தரமும்

எங்க அம்மாயிக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஒரே வருத்தம்தான். "நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு தாயி" என்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேஸ் குளிசை கொடுத்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நல்லாத்தான் இருக்கு என்றார்கள். கோடாங்கி குறி பார்த்து, கழிப்புக் கழித்து, கறுப்புக் கயிறு கட்டினார். கொஞ்ச நாளைக்கு நல்லாயிருக்கும், பிறகு அடைமழைக் காலத்தில் இரவுகளில் திரும்ப வரும். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கிழவிக்கு வயசாகிப் போச்சு என்று சொல்லுவோம். ஆனால் அந்த அடைப்பு தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது போன வருஷம்தான்.

கணக்குப் போட வைத்தது ஒரு அசைன்மென்ட். சமூகவியல் பாடத்துக்கு 'அனர்த்தமும் சமூகமும்' என்று ஒரு தலைப்பு தந்திருந்தார்கள். நூலகத்தில் தேடும்போது பேராசிரியர் தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும் 1994 இல் பிரித்தானிய உளமருத்துவ சஞ்சிகை ஒன்றில் எழுதிய சின்னக் கட்டுரை கையில் கிடைத்தது. போருக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்துச் சாதாரண மக்களைப் பற்றிய ஆய்வு. போரின் பாதிப்பு எதையுமே அனுபவிக்காதவர்கள் வெறும் 6 சதவீதம். 64 சதவீதம் பேரிடம் ஏதாவதொரு உளப் பாதிப்பு இருந்தது. பிடிஎஸ்டி என்று எல்லோரும் சொல்லும் மனவடு நோய் 27 சதவீதம், மனச்சோர்வு 25 சதவீதம். ஆனால் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது வேறொன்று: மனசில் இருப்பது உடம்பில் வலியாக, எரிவாக, அடைப்பாக வெளிப்படுவது. அது 41 சதவீதம்.

அந்த இலக்கத்தைப் பார்த்ததும் எனக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வரவில்லை. அம்மாயிதான் வந்தார்.

இந்தக் கட்டுரை அந்த ஆய்வாளரைப் பற்றியது. அவருடைய சிந்தனை எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போனது, எங்க பக்கம், அதாவது சப்ரகமுவத் தோட்டங்கள் பக்கம் ஏன் வந்து சேரவில்லை என்பதைப் பற்றியது. நான் உளவியல் படிப்பவள் இல்லை, வரலாறும் சமூகவியலும் படிக்கிற ஆள். அதனால் மருத்துவ விஷயத்தில் பிழை விட்டிருந்தால் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தயா சோமசுந்தரத்தின் பெயரை முதலில் நிறையப் பேர் அறிந்தது ஒரு மருத்துவராக இல்லை. 1990 இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், ராஜினி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி, நூல் அச்சாகி வருவதற்கு முன்னமே, 1989 செப்டம்பர் 21 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் பேசிய புத்தகம் அது. அதை எழுதிய ஒருவர் அதே ஊரில் இருந்துகொண்டு நோயாளிகளைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்க. வடக்கில் அப்போது உளமருத்துவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். வெளியே ஷெல்லடி, உள்ளே நோயாளிகளின் வரிசை.

அந்த வரிசையிலிருந்துதான் 1998 இல் வந்த 'வடுப்பட்ட மனங்கள்' நூல் பிறந்தது. ஆங்கில நூல்தான், தலைப்பை நான் தமிழில் சொல்கிறேன். அதில் தனி ஆட்களின் கதைகள் நிறைய உண்டு: பிள்ளையைத் தொலைத்த தாய், சித்திரவதையிலிருந்து வந்த இளைஞன், சின்ன வயதிலேயே துவக்கு தூக்கிய பையன். பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயரே அப்போது அவ்வளவு பழையதில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் பிரச்சினை பெரிதாகப் பேசப்பட்ட பிறகு, 1980 இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அதைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. ஒரு சிப்பாய் போருக்குப் போகிறான், அடிபடுகிறான், போர் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருகிறான், அங்கே கனவு கண்டு அலறுகிறான். இதுதான் அந்த நோயின் அடிப்படைக் கதை. யாழ்ப்பாணத்தில் இந்தக் கதை பொருந்துமா? அங்கே போருக்குப் 'பிற்பட்ட' என்று சொல்ல ஒரு காலமே வரவில்லையே. திரும்பிப் போகிற வீடும் போருக்குள்தான் இருந்தது.

இந்தக் கேள்வியை உலக அளவிலும் சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டெரெக் சமர்ஃபீல்ட் என்ற பிரித்தானிய உளமருத்துவர் 1999 இல் எழுதிய விமர்சனம் பிரபலமானது. போர் நடந்த நாடுகளுக்கெல்லாம் மேற்கின் உளவடுத் திட்டங்களைக் கொண்டுபோய் இறக்குவதை அவர் கடுமையாகச் சாடினார். மக்களின் துயரத்தை நோயாக மாற்றிவிட்டால் அநீதி பற்றிய பேச்சு காணாமல் போய்விடும் என்பது அவருடைய கவலை. சோமசுந்தரம் நோய்ப்பெயரைத் தூக்கி எறியவில்லை. ஏனென்றால் உண்மையிலேயே நித்திரை வராமல் தவிக்கிற ஆள் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார், அவருக்கு மருந்தும் தேவைப்பட்டது. ஆனால் ஒரு ஆளுக்குள் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும் என்பதை அவர் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட கருத்துக்கு ஒரு சுவையான முன்கதை இருக்கிறது. 1972 பெப்ரவரி 26 காலை, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில், ஒரு நிலக்கரிக் கம்பனி கழிவுகளைக் கொட்டிக் கட்டியிருந்த அணை உடைந்தது. கீழே வரிசையாக இருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கறுப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. 125 பேர் இறந்தார்கள். கம்பனி இதைக் கடவுளின் செயல் என்றது. (தொரைமார் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள் போல.) உயிர்தப்பியவர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய வழக்கறிஞர்களின் அழைப்பில் அங்கே போனவர் கை எரிக்சன் என்ற சமூகவியலாளர். 1976 இல் அவர் எழுதிய நூலில் இரண்டு வகை வடுவைப் பிரித்துச் சொன்னார். ஒன்று ஆளுக்கு விழும் அடி. மற்றது, ஆளையும் ஆளையும் கட்டிவைத்திருக்கும் உறவுகளுக்கு விழும் அடி. இரண்டாவது மெதுவாக ஏறும், உடனே தெரியாது. வெள்ளத்துக்குப் பிறகு மக்களைத் தற்காலிக வண்டிவீடுகளில் குடியமர்த்தியபோது, பழைய அயலவர்களை ஒன்றாக வைக்கவேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோகாத அயலை முகாம் கொண்டுபோனது.

இந்தக் கூட்டு மனவடு என்ற கருத்தை சோமசுந்தரம் நம் மண்ணில் வைத்துப் பார்த்தார். 2007 இல் வந்த அவருடைய ஆய்வுக்கட்டுரைதான் இதில் முக்கியமானது. நிவாரண, புனர்வாழ்வு வேலைகளில் இறங்கி நின்றுகொண்டே, ஊர்மட்டத்தில் வேலை செய்கிறவர்களோடும் அதிகாரிகளோடும் பேசி எழுதியது. அதிலே ஒரு ஒப்பீடு உண்டு. 2004 சுனாமியும் ஊர்களை அழித்தது, போரும் அழித்தது. ஆனால் சுனாமிக்குப் பிறகு சமூகத்தின் உள்ளமைப்பில் வந்த மாற்றம் அவ்வளவு பெரிதாக இல்லை. நீண்ட போர்தான் அடியோடு மாற்றியது. மக்கள் மௌனமாகிப் போனார்கள், யாரையும் நம்பவில்லை, தலைமை ஏற்க ஆளில்லை, எல்லாவற்றுக்கும் வெளியாரைக் கைநீட்டிக் காத்திருந்தார்கள். குடும்பத்துக்குள்ளேயே சந்தேகம் வந்தது. தமிழருக்கு 'நான்' என்பதே குடும்பத்தோடும் ஊரோடும் பின்னியது, ஆகவே ஊர் போனால் ஆளின் ஒரு பாகம் போகிறது என்பது அவருடைய வாதத்தின் அடி.

மௌனம், நம்பிக்கையின்மை, கையேந்தி நிற்பது. இந்த மூன்றையும் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்றுதான் சொல்லவேண்டும். தோட்டத்து ஆட்களைப் பற்றி வெளியில் சொல்லுகிற குற்றச்சாட்டுகளும் இவைதானே? "அவங்க அப்படித்தான், யாராவது தந்தா வாங்கிக்குவாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க, சாராயத்துக்கு வோட்டு போடுவாங்க" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இவற்றை ஒரு வரலாற்றின் விளைவாக எழுதுகிறார்கள். எங்களிடம் அதே விஷயம் குணமாகிவிடுகிறது.

சரி, கட்டுரையோடு அவர் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓரிரண்டு உளமருத்துவர்கள் என்றால், ஆளுக்கொரு நாற்காலி போட்டுப் பேசி முடிக்க முடியாது. அதனால் ஆசிரியர்கள், குடும்பநல மாதுக்கள், கிராம சேவையாளர்கள், தொண்டர்கள் என்று ஊரில் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் வழி என்று போனார்கள். அகதிகளின் உளநலம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் கைநூல் நம் சூழலுக்கு ஏற்றபடி தமிழில் வந்தது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிலையங்கள் இந்த வேலையைச் செய்தன. தொண்ணூறுகளில் கம்போடியாவில் உளநல சேவையை ஏறக்குறைய சூனியத்திலிருந்து தொடங்கிய குழுவிலும் சோமசுந்தரம் இருந்தார். பிறகு அவுஸ்திரேலியாவின் அடிலெய்டிலும் பணியாற்றினார். ஊரிலுள்ள கோவில், சாந்தி ஆசனம், மந்திர ஜபம், செத்தவருக்குச் செய்யும் கிரியை, கூத்து இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளாமல், ஆற்றுகிற வழிகளாகப் பார்க்கச் சொன்னது அவருடைய எழுத்தின் இன்னொரு பக்கம். மட்டக்களப்பில் காணாமல் போனவர்களின் தாய்மார் அம்மன் கோவிலில் வாக்குக் கேட்பதைப் பற்றி பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் செய்த ஆய்வும் இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது. எங்க கோடாங்கியை இனிமேல் நான் நக்கலடிக்க மாட்டேன்.

இப்போது இந்தக் கதைக்குள் சப்ரகமுவ எங்கே வருகிறது என்று பார்ப்போம்.

மலையகம் என்றால் நுவரெலியாவும் ஹட்டனும்தான் பலருக்கு ஞாபகம் வரும். கேகாலையும் இரத்தினபுரியும் வேறு மாதிரி. தேயிலையோடு ரப்பரும் கலந்த தோட்டங்கள், சிதறிக் கிடக்கும் லயங்கள், சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள். நல்ல காலத்தில் இது பெரிய பலம். எங்க ஆட்கள் இரண்டு மொழியும் பேசுவார்கள், கல்யாணம் கருமாதிக்கு இரண்டு பக்கமும் போய் வருவார்கள். கெட்ட காலத்தில் ஓடுவதற்கு இடமில்லை. 1977 இல் அப்படி ஒரு காலம் வந்தது. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன. 1983 ஐப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பகுதி சனம் வடக்கே போனது. வவுனியாவிலும் அதைச் சுற்றியும் காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. அதை நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், வைத்தியர் ராஜசுந்தரம். இருவரும் 1983 இல் கைது செய்யப்பட்டார்கள். ராஜசுந்தரம் அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

எங்க அம்மாயி இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1981 இல் அம்மா கைக்குழந்தை. ரப்பர் காட்டுக்குள் இரண்டு இரவு இருந்தார்களாம், பிள்ளை அழாமல் இருக்க வாயில் துணி வைத்தார்களாம். இதுவும் அம்மா சொன்னது. அம்மாயி சொன்னதில்லை. பிறகு சொந்தக்காரர் ஒருவர் வழியாகக் கேகாலைப் பக்கம் வந்து இப்போதுள்ள தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். அம்மாயியின் தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா, குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போய் அங்கிருந்து வன்னிக்குள் போனார்.

2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்து செட்டிக்குளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைக்கப்பட்ட கிட்டத்தட்ட 3 லட்சம் பேரில் இப்படிப் போன மலையகச் சனமும் அவர்களின் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். சின்னத் தாத்தாவின் குடும்பமும் அங்கே இருந்தது. அவர் இல்லை, வழியிலேயே முடிந்துவிட்டார். அந்த முகாம் மக்களின் உளநிலையைப் பற்றி சோமசுந்தரம் 2010 இல் எழுதிய கட்டுரைதான் வன்னியின் கூட்டு மனவடு பற்றியது. 2014 இல் வந்த 'வடுப்பட்ட சமூகங்கள்' நூலிலும் இதுவே விரிகிறது. மனங்கள் என்று தொடங்கிய தலைப்பு பதினாறு வருஷத்தில் சமூகங்கள் என்று மாறியதைக் கவனியுங்க.

அந்தக் கட்டுரையை வாசிக்கும்போது, இதிலே எத்தனை பேருக்கு இது முதல் இடப்பெயர்வு இல்லை என்று எனக்குத் தோன்றியது. வன்னி அவர்களுக்குப் போர் தொடங்கிய இடம் இல்லை. கஹவத்தையிலோ இறக்குவானையிலோ ஒரு லயத்துக் காம்பிராவில் அது தொடங்கியிருக்கும். அதற்கும் முன்னால் 1948 குடியுரிமைச் சட்டம். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம். ஒரே இஸ்தோப்பில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கை. எரிக்சன் சொன்ன 'ஆளையும் ஆளையும் கட்டிவைத்திருக்கும் உறவுக்கு விழும் அடி' என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு வெள்ளமோ குண்டோ தேவைப்படவில்லை. இரண்டு கையெழுத்து போதுமாக இருந்தது.

போருக்குப் பிறகு வடக்கில் ஆய்வுகள் பெருகின. 2011 இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் யாழ் மாவட்டத்தைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிடிஎஸ்டி 7 சதவீதம், பதகளிப்பு 32.6, மனச்சோர்வு 22.2 என்று தசமத்தோடு இலக்கம் இருக்கிறது. நல்லது, இருக்கத்தான் வேண்டும். ஆய்வு போன பாதையில்தான் நிதியும் பயிற்சியும் ஆட்களும் போகும். சமூக உளமருத்துவத்தின் வரைபடம் போரின் வரைபடத்தின் மேலேயே வரையப்பட்டது, பிறகு சுனாமிக் கரையோரம் அதில் சேர்ந்தது. ரப்பர் காடு இரண்டிலும் இல்லை. இது சோமசுந்தரத்தின் குறை என்று நான் சொல்லவில்லை. அவர் தன் ஊரில் நின்று எழுதினார். எங்க ஊரில் நின்று எழுத வேண்டியது நாங்கதானே.

ஆனால் ஒரு எச்சரிக்கை எனக்கு நானே சொல்லிக்கொள்வது. எல்லாவற்றையும் மனவடு என்று சொல்லிவிடுவதும் ஆபத்து. சம்பளம் போதாமல் கவலைப்படுகிறவருக்குத் தேவை சம்பளம். சமர்ஃபீல்ட் சொன்னது இங்கே சரி. இதற்கு ஒரு நல்ல சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47. உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. 2005 ஆகும்போது அது பாதியாகிவிட்டது. இதற்கு முக்கிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது, மொனோகுரோட்டோபொஸ், என்டோசல்பான் மாதிரி கொடிய பூச்சி மருந்துகளைத் தடை செய்ததை. மனசை மாற்றியதால் வந்த குறைவு இல்லை, கைக்கெட்டிய போத்தலை அகற்றியதால் வந்தது. ஒரு கோபத்தில், ஒரு வெட்கத்தில் கையில் எடுத்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். சமூக உளமருத்துவம் என்பதில் இதுவும் அடக்கம்.

இன்னொன்று, 2016 மே 17. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதைந்த அதே நாளில், அதே கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயம் மண்ணுக்குள் போனது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால் பதுளை மாவட்டத்தில் மீரியபெத்த. மண்சரிவு முடிந்ததும் முதலில் கேட்கப்படும் கேள்வி எத்தனை வீடு என்பது. யார் யாருக்குப் பக்கத்து வீடு வேண்டும் என்று கேட்கவேண்டும் என்பது பஃபலோ கிரீக்கில் 1972 லேயே விலை கொடுத்துப் படித்த பாடம். எங்க தோட்டத்திலும் 'அபாய வலயம்' என்று போர்டு அடித்திருக்கிறார்கள். மழை இறங்கினால் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுப்போம். விடிந்தால் திரும்ப அதே லயம். இரவெல்லாம் முழித்திருக்கிற கிழவிகளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அம்மாயிக்கு அடைமழையில்தான் நெஞ்சு அடைக்கும் என்று முதலில் சொன்னேனே. ரப்பர் காட்டில் இருந்த அந்த இரண்டு இரவும் மழை பெய்ததா என்று எனக்கு இத்தனை நாளாகக் கேட்கத் தோன்றவில்லை.

போன மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து வைத்தார்கள். பல வருஷம் நின்று போயிருந்தது, பிரட்டுக்களத்தில் திரும்பக் கம்பம் நட்டார்கள். காமன் எரிந்து ரதி புலம்புகிற இடத்தில் எங்க ஊர்ப் பொம்பளைகள் எல்லாரும் அழுவார்கள், அது வழக்கம். அம்மாயியும் அழுதார். தம்பி பேரைச் சொல்லி அழுதார். அம்மாவே திரும்பிப் பார்த்தார், ஏனென்றால் 2009 க்குப் பிறகு வீட்டில் அந்தப் பேரை யாரும் சொன்னதில்லை.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஃபோனில் ரெக்கோர்டரைப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டேன். "அம்மாயி, அந்த ரெண்டு ராவும் மழையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மழைனா மழை, அப்புடி ஒரு மழை" என்றார். நாற்பது நிமிஷம் பேசினார். பக்கத்துக் காம்பிரா ஆச்சி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, "அது ரெண்டு ராவு இல்ல, மூணு" என்று திருத்தினார். இப்போது என்னிடம் நாலு பேருடைய பதிவு இருக்கிறது. அசைன்மென்டுக்கு அவற்றைச் சேர்க்கவில்லை. யாரிடம் அனுமதி கேட்டு, எப்படி எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்க வீட்டு அம்மாயியிடமும் அப்பாயியிடமும் கேட்டுப் பார்த்தீங்களா?